மூக்கில்லாத ஓட்டுநர்

வாயைத் திறந்தால் “ஏன்?” என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு ஏன்குட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அன்று சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு ரயில் எஞ்சின் சிதறிக் கிடந்தது. பயப்பட வேண்டாம், உள்ளங்கையில் அடங்கிவிடும் எஞ்சின்தான். உலோகத் துண்டுகளை ஒட்டி நாமே செய்துகொள்ள வேண்டும்.

ஏன்குட்டியின் சித்தி நிஜ ரயிலே ஓட்டுகிறவள். அன்றுதான் முதல்முறையாகத் தனியாக ஓட்டுகிறாள். மாலையில் அவள் வந்ததும் பரிசாகக் கொடுக்கத்தான் இந்த எஞ்சின்.

துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“இது ஏம்மா இப்படி இருக்கு?”

“அச்சு ரெண்டு பாதியா இருக்கும். உருக்கின உலோகத்தை ஊத்தும்போது இடுக்குல கொஞ்சம் கசிஞ்சிடும். அதுதான் பிசிறு. அரத்தால தேய்ச்சு எடுத்துடணும்.”

“எது பிசிறு, எது ரயில்னு எப்படித் தெரியும்?”

“பெட்டியோட வந்த படத்தைப் பாரு. படத்துல இல்லாததெல்லாம் பிசிறு!”

சட்டம் சொல்லிவிட்டு அம்மா சக்கரங்களோடு மல்லுக்கட்டப் போனாள்.

ஏன்குட்டி புகைபோக்கியைத் தேய்த்தாள். படிகளைத் தேய்த்தாள். பிய்ந்து விழுந்த துணுக்குகளையும் விடவில்லை. எல்லாம் சேர்ந்தால் ஒரு சட்டைப் பித்தான் கனம் வருமா என்று பார்க்க, ஒரு மூடியில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

கடைசியில் ஓட்டுநர். சுண்டுவிரல் நகம் உயரம்தான் இருந்தார். முகத்தின் நடுவில் ஒரு மேடு. படத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு மேடே இல்லை.

சர்... சர்... மேடு போயே போச்சு.

பிறகுதான் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கண் இருந்தது. வாய் இருந்தது. நடுவில் மைதானம்!

மறுபடி படத்தைப் பார்த்தாள். அதில் ஓட்டுநர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகில் எங்கே மூக்கு தெரியும்?

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். வேறு ஓட்டுநர் கிடையாது. ஓட்டுநர் இல்லாத ரயிலையா ஒரு ஓட்டுநருக்குக் கொடுப்பது? முகம் தெரியாமல் இவரைத் திருப்பி நிறுத்திவிடலாம்தான். ஆனால் சித்தி எட்டிப் பார்க்காமல் விடுவாளா?

“அம்மா... மூக்கைத் தேய்ச்சுட்டேன்.”

அம்மா பதறி ஓடிவந்து அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னோடது இல்லம்மா. இவரோடது.”

அம்மா பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

“முதுகுப் படத்தைக் கையில கொடுத்துட்டுச் சட்டம் பேசினேனே, என்னைச் சொல்லணும்! இப்போ மூக்குக்கு எங்கடி போறது?”

ஏன்குட்டியின் பார்வை துணுக்குகள் இருந்த மூடியின் மேல் போனது. அதற்குள் எத்தனை எத்தனை மூக்குகள்!

முதல் மூக்கு நீளம். இரண்டாவது, அம்மா விட்ட மூச்சில் பறந்தது. மூன்றாவதை ஊசிமுனைப் பசையில் தொட்டு ஒட்டினாள். நின்றுவிட்டது. கொஞ்சம் பெரிசு, நுனியில் ஒரு வளைவு.

ஓட்டுநரை எஞ்சினில் நிறுத்திப் பசை காய்ந்ததும், வாசல் மணி அடித்தது.

சித்தி எஞ்சினைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள். எதிர்பார்த்தபடியே எட்டிப் பார்த்தாள்.

“ஏன் இவருக்கு இவ்ளோ பெரிய மூக்கு?” என்றவள், மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். “அடியே, இது நானா?”

“பிசிறுல செஞ்சது சித்தி. பழைய மூக்கை நான்தான் தேய்ச்சுட்டேன்.”

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மேசையிலிருந்த அரத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இந்த வீட்டுல இன்னும் மூணு மூக்கு மிச்சமிருக்கு. எதுக்கு வம்பு?”