இடப்பக்கத்து சீட்

ஆர்.கே.பேட்டையைத் தாண்டியதும் அந்த பீப் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அதே சத்தம். இம்மானுவேல் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பெல்ட் போட்டுத்தான் இருந்தான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. எட்டு நாளாகவே யாரும் இல்லை.

நேற்று மைசூர் ரோட்டிலும் இப்படித்தான் விட்டு விட்டுக் கத்தியது. பக்கத்து சீட்டில் வைத்திருந்த பையின் கனம்தான் காரணம் என்று அதைத் தூக்கிப் பின்னால் போட்டான். அப்படியும் நிற்கவில்லை. ஒயரில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், ஊருக்குப் போய் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பதினாலு வருடமாகத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரே மெஷின் முன்னால் நின்றவனுக்குக் காடு பார்க்கும் ஆசை. ஆசை யாரை விட்டது? கம்பெனியில் வருடாந்திர ஷட்டவுன் விட்டார்கள். அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவி ஜெபாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்களாவது போய்ட்டு வாங்க" என்று அவளே அனுப்பி வைத்தாள். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே என்று காடு காடாகத் தனியே ஓட்டினான். வானம்தான் அவனை வைத்து விளையாடியது. பல் இளிக்கிற வெயில் அடுத்த வளைவிலேயே மழையாகும். மழை நின்ற இடத்தில், முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாமல் பனி வந்து மூடும்.

அந்த வானம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது போலிருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கே நெல் வயல்கள் கறுத்து, விளக்குப் போட்டு ஓட்ட வேண்டியதாயிற்று. வைப்பர் வலமும் இடமும் அடித்துக்கொண்டது. ஏசியை எவ்வளவு கூட்டினாலும் போகாத ஒரு வாடை, ரொம்ப நாள் மழையில் ஊறி மக்கிய இலைச்சேறும் நனைந்த மிருகத்தின் உடம்பும் கலந்த மாதிரி ஒரு வாடை, இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. கையை நீட்டி அந்த சீட்டைத் தொட்டான். சொதசொதவென்று ஈரம். அந்தப் பக்கத்துக் கண்ணாடியோ இறுக மூடியிருந்தது.

பீப். பீப். பீப்.

எரிச்சலில் அந்தப் பக்கத்து பெல்ட்டை எட்டி இழுத்துக் கொக்கியில் மாட்டினான். சத்தம் நின்றது. அப்பாடா என்று ரோட்டைப் பார்த்தவன் மறுபடியும் திரும்பினான்.

பெல்ட் சீட்டோடு படிந்து கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் தூக்கிக்கொண்டு நின்றது. மெதுவாக விரிந்தது. மெதுவாகச் சுருங்கியது. மறுபடியும் விரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஊத்துக்கோட்டை வந்ததும் போனதும் தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போன் அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. ஜெபாதான். ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"ஊத்துக்கோட்டை தாண்டிட்டேன் ஜெபா."

"எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. ஏஞ்சல் காலைலேந்து வாசல்லயே குந்திக்கினு கீது. அப்பா வந்ததும் முன் சீட்ல குந்தணுமாம்." சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "யாரு கூட? லிப்ட் குடுத்துக்கினு வர்றீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"யாரோ மூச்சு வாங்கற சத்தம் கேக்குது."

லைன் கட்டாகிவிட்டது.

லிப்ட்.

தேர்வாய் ரோட்டில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவன் கையைத் தூக்கினால் போதும், யாராயிருந்தாலும் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நாகரஹொளேயில் நேற்றுக் காலை பேய் மழை. வண்டியை நிறுத்தாதே என்று போர்டு இருந்த இடத்தில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பழக்கம் எங்கே விடும்? பிரேக்கைப் போட்டு, எட்டிக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறிக்கோபா, நனையாத" என்றான். பார்த்தால் எரிந்துபோன மரம், ஒற்றைக் கிளை. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். அப்போது வண்டி இடப்பக்கமாக ஒருமுறை அமுங்கியது. சக்கரம் சேற்றில் இறங்கியதென்று நினைத்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம். அவனேதான் கூப்பிட்டான். அவனேதான் ஏற்றினான்.

கும்மிடிப்பூண்டி வீட்டு வாசலில் ஏஞ்சல் நின்றுகொண்டிருப்பாள். ஆறு வயது. கார் நின்றதோ இல்லையோ, இடப்பக்கக் கதவைத் திறந்து குதித்து ஏறிக்கொள்வாள். அந்த சீட்டில். அதன் மடியில்.

'கர்த்தாவே, என் புள்ள வேணாம். இது என் ஊட்டுக்கு வரக்கூடாது.'

லிப்ட் கேட்டு ஏறியவன் எப்போது இறங்குவான்? ஸ்டாப் வந்துவிட்டது என்று சொன்னால் இறங்குவான். இம்மானுவேலுக்கு வேறு வழி தெரியவில்லை. தேர்வாய் தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப் மழையில் காலியாகக் கிடந்தது. நிறுத்தினான். அந்தப் பக்கம் பார்க்காமலே பெல்ட் கொக்கியை அமுக்கினான். விரலில் ஏதோ குளிர்ந்த முடி உரசியது. கதவைத் திறந்துவிட்டான்.

"ஸ்டாப்பு வந்துடிச்சி. எறங்கிக்கோ."

மழைச் சத்தம். வேறொன்றுமில்லை.

பிறகு பெல்ட் மெல்ல மெல்ல உள்ளே போனது. கார் இடப்பக்கம் எழும்பியது. நிழற்குடைக்குள் காய்ந்து கிடந்த சிமென்ட் பெஞ்சில் ஈரம் ஒன்று அகலமாகப் பரவி, நின்றது.

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பறந்தான். வாடை இல்லை. பீப் இல்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டு அழுதான். நூறு அடிகூடப் போயிருக்க மாட்டான். ஒரு கம்பெனி கேட்டிலிருந்து வந்த நீள லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. அவன் வலப்பக்கக் கதவை ஒட்டி இன்னொரு லாரி வந்து நின்றது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஸ்கூட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. மஞ்சள் ரெயின்கோட். மணி ரெண்டே கால்.

ஜெபா.

ஸ்கூட்டி பஸ் ஸ்டாப் பக்கம் வேகம் குறைந்தது. நின்றது.

ஹாரனை அழுத்தினான். கையை எடுக்காமல் அழுத்தினான். கதவைத் தள்ளினான், லாரிச் சக்கரத்தில் இடித்தது. அந்த ஈர சீட்டின் மேல் ஏறி இடப்பக்கமாக இறங்க அவனுக்குத் துணிவு வரவில்லை. "வேணாம் ஜெபா! ஏத்தாத!" மழை கேட்கவிடவில்லை. அவள் நிழற்குடையைப் பார்த்துத் தலையசைத்தாள். யாருக்கும் செய்வதைப்போல, சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்கூட்டியின் பின் சக்கரம் அமுங்கியது.

வந்தாள். இடப்பக்கக் கண்ணாடியருகே நிறுத்தி, குனிந்து சிரித்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ ஹாரன் அடிக்கறீங்க? ஏஞ்சல் காத்துக்கினு இருக்கும், நான் முன்ன போறேன். பாவம், இவரு மழைல தனியா நின்னுக்கினு இருந்தாரு. நம்ம தெருதானாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள், முன்னால் நின்ற லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் வண்டியை விட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு சீட்டின் மேல் மட்டும் மழை விழவில்லை. மஞ்சள் ரெயின்கோட்டில், அவள் இடுப்பின் இரண்டு பக்கமும், பத்து விரல்கள் அழுந்திய பள்ளம் தெரிந்தது.