கடல் பக்கம் பார்க்காதீங்க

அப்பா இறந்து இத்தனை நாளாகியும் அம்மா ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. அமர்லேவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அம்மா மேல் தப்பில்லை. அக்ரா நகரத்தில் அது சத்தம் போடாத மாதம். ஹோமோவோ பண்டிகைக்கு முன்னால் மேளம் கொட்டக் கூடாது, ஒப்பாரி வைக்கக் கூடாது, இறந்தவர்களை அடக்கம் செய்யவும் கூடாது. விதைத்த சோளம் அமைதியாக வளரட்டும் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். அழ வேண்டியவர்கள் பண்டிகை முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

"சத்தமில்லாம அழுதுக்கோயேன்," என்றாள் அப்பாவின் அக்கா.

"எனக்கு அப்படி அழத் தெரியாது அண்ணி," என்றாள் அம்மா. "ஆரம்பிச்சேன்னா மொத்தத் தெருவும் கூடிடும்."

ராத்திரியில் அம்மா தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அமர்லேவும் தூங்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அடைத்து வைத்த அழுகை அம்மாவை என்ன செய்யுமோ என்று அவளுக்குக் கவலை.

அப்பா சுற்றுலா வழிகாட்டி. காலையில் தொடங்கி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவார். பிரேசிலிலிருந்து நான்கு பேர் வருவதாக அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னபடி வந்து வாசலில் நின்றார்கள்.

"உங்கப்பா வரச் சொன்ன ஆளுங்க. திருப்பி அனுப்ப முடியாது," என்று அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள். "தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு நீயும் வா."

அம்மாவுக்கு அப்பா சொல்வதெல்லாம் மனப்பாடம். தினமும் மாலையில் அவள் மாவு பிசையும்போது அப்பா எதிரே உட்கார்ந்து பேசிப் பழகுவாரே. சுதந்திரச் சதுக்கத்து வளைவின் கீழே நின்று அம்மா பேசியபோது அமர்லேவுக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாமே அப்பாவின் வார்த்தைகள். அப்பா வழக்கமாக இருமுகிற இடத்தில் அம்மாவும் இருமினாள்.

வந்தவர்களில் செல்ஸோ என்பவர் கேமராவும் கையுமாக எதையும் விடாமல் படம் எடுத்தார். குப்பைத்தொட்டியைக்கூட இரண்டு கோணத்தில் எடுத்தார். அவருடைய அத்தை இவோனி என்ற வயதான அம்மாள். "ஊருக்குப் போய் இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்று அவரை ஓட்டிக்கொண்டே வந்தார்.

ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கத்துக்கு வந்தார்கள். பக்கத்துக் கடையில் சோள மாவைப் புளிக்க வைத்து உருண்டை பிடித்த கென்கே அவிந்துகொண்டிருந்தது.

"இந்தத் தெரு கென்கே பிரமாதமா இருக்கும்," என்று அம்மா தொடர்ந்தாள். "ஆனா என் பொண்டாட்டி பண்றதைச் சாப்பிட்டீங்கன்னா, நீங்க ஊருக்கே திரும்ப மாட்டீங்க."

"யாரு? உங்க பொண்டாட்டியா?" என்று செல்ஸோ வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அப்பா தன்னைப் பற்றி ஊராரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதைத்தான், யோசிக்காமல் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். தலைத்துணியின் நுனியை எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது.

கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. சத்தம் போடாதே என்று கடலிடம் யாரும் சொன்னதில்லை. அமர்லே சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அடுத்து படகு பாக்கப் போறோம். எல்லாரும் என் பின்னாடி வாங்க," என்று சொல்லிக் கடற்கரைக்கு இறங்கினாள்.

அந்த ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை யாரும் மீன்பிடிக்கப் போகமாட்டார்கள். அதனால் படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. அமர்லே அம்மாவின் காதருகில் போனாள்.

"நீ தண்ணி ஓரமாப் போம்மா. அலை பெருசா இருக்கு. எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேக்காது."

"இவங்களை யாருடி பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன். போ."

அம்மா போனாள். முதலில் நடந்தாள். பிறகு ஓடினாள்.

அமர்லே நான்கு பேரையும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தாள். "இந்தப் படகுல வரைஞ்சிருக்கிற மீனைப் பாருங்க. எத்தனை நிறம் இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"கடலை ஒரு படம் எடுத்துக்கறேனே," என்று செல்ஸோ திரும்பப் போனார்.

அமர்லே கேமராவைக் கையால் மூடினாள். "கடல் பக்கம் பார்க்காதீங்க. அது இந்தச் சுற்றுலாவுல கிடையாது."

"கடல் இல்லாத கடற்கரையா?"

இவோனி மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். நுரைக்குள் மண்டியிட்டுக் கிடந்த பெண்ணைப் பார்த்ததும், செல்ஸோவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "பொண்ணு சொல்றதைக் கேளு. மீனைப் பாரு."

மீனைப் பார்த்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். வலையைப் பார்த்தார்கள். சொல்வதற்கு வேறொன்றும் கிடைக்காமல் அமர்லே நண்டு வளையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. உடுப்பு இடுப்புவரை நனைந்திருந்தது. ஆனால் நன்றாக மூச்சு விட்டாள்.

"அழுதியாம்மா?"

"அழுதேன். தொண்டை கிழிய அழுதேன்." அம்மா குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள். "நீ?"

"எனக்கு எங்கேம்மா நேரம்? இவங்களைப் பாத்துக்கணும்ல," என்றாள் அமர்லே. சொல்லும்போதே குரல் உடைந்தது. அம்மாவை நினைத்தே பயந்து கிடந்ததில், அப்பாவுக்காக அவளும் இன்னும் அழவில்லை.

அம்மா அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டாள். "இப்ப நீ போ. நான் பாத்துக்கறேன்."

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் இப்படி நில்லுங்க. இந்த மீனைப் பாருங்க."

"மறுபடியும் மீனா?" என்றார் செல்ஸோ.

"பேசாம பாரு," என்றார் இவோனி.

அமர்லே அலையை நோக்கி ஓடினாள்.