இரண்டு துடிப்புக்கு நடுவே

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே யாரோ மூச்சை இழுப்பதுபோல் கேட்டது. தன்னுடைய மூச்சுதான் என்று முதலில் நினைத்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். அப்போதும் கேட்டது.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற வேலை அவளுக்கு. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தாலே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் மருத்துவர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். படபடப்பு அடங்கும், கூடவே இதயமும் நிதானமாகும், தினமும் நாடியை எண்ணுங்கள், ஐம்பதுக்குக் கீழே போனால் உடனே வாருங்கள் என்றார். ஆஸ்துமா, இழுப்பு உண்டா என்றும் கேட்டார். இழுப்புக்காரர்கள் இதைத் தொடவே கூடாதாம். இல்லை என்று நிம்மதியாகத் தலையாட்டினாள். தன்னைப் பற்றிய கேள்வி தீர்ந்ததும் அந்தப் பேச்சையே மறந்துபோனாள்.

இழுப்பு இருந்தது தங்கைக்கு.

அந்த வீட்டில் சீப்பு, குடை, தலைவலி மாத்திரை எதற்கும் தனிச் சொந்தக்காரர் கிடையாது. பள்ளிக்கூட வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டிய நாளில் சின்னவள் நடுங்குகிற கையோடு வந்து நின்றபோது, பெரியவள் யோசிக்கவே இல்லை. இதைப் போட்டுக்கோ, முன்னால் புலியே உட்கார்ந்திருந்தாலும் பாடம் நடத்துவே என்று தன் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தாள். சின்னவள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள். குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் மூச்சு திணறத் தொடங்கியது. எப்போதும் காப்பாற்றுகிற இன்ஹேலர் அன்று கைவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று காலையில்தான் அம்மா பரணை ஒழித்துத் தூசி தட்டியிருந்தாள். அந்தத் தூசிதான் என்று அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், என் கையாலேயே என் பிள்ளையை வாரிக் கொடுத்துட்டேன் என்பாள். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இல்லை அம்மா, நான்தான் என்பது தொண்டை வரை வரும், விழுங்கிவிடுவாள். மாத்திரையையும் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இந்தச் சத்தம். சாத்திய கதவின் இடுக்கில் காற்று நுழைவதுபோல் மெல்லிய விசில், அதற்கு அடியில் ஒரு கரகரப்பு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காற்றைக் கெஞ்சுகிற இழுப்பு. பக்கத்துக் கட்டிலில் வருஷக்கணக்காகக் கேட்டுத் தூங்கிய சத்தம். அடுத்த துடிப்பு வந்ததும் தொண்டையைப் பிடித்ததுபோல் நின்றுவிடும். இடைவெளியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மறுநாள் மதியம், அறிவிப்பு அறையின் கதவைத் திறந்து கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா கூட இருக்கிறது? ஸ்பீக்கர்ல மூச்சு வாங்குற சத்தம் பிளாட்பாரம் பூரா கேக்குது. ரயிலைப் பிடிக்க ஓடி வந்தவங்களையெல்லாம் மைக்குக்குள்ள ஏத்திட்டியா?"

அவருக்குச் சிரிப்பு. அறையில் அவள் ஒருத்திதான். அவர் போனதும் நாடியை எண்ணினாள். ஐம்பதுக்குக் கீழே போயிருந்தது. மருத்துவருக்குப் போன் செய்ய எடுத்தவள், எண்ணை அழுத்தாமல் நின்றாள். மாத்திரையை நிறுத்தச் சொல்வார். இதயம் பழையபடி ஓடும். இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு அடிக்கும் சின்னவளின் மூச்சு துண்டு துண்டாக நறுக்கப்படும். ஒரு தடவை கொன்றது போதாதா?

போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது படி ஏறவே கால் வரவில்லை. அம்மா சின்னவளின் அறையில், கட்டிலுக்குப் புது விரிப்பும் போர்வையும் மாற்றிக்கொண்டிருந்தாள். யாரும் படுக்காத கட்டில்தான். ஆனாலும் வாராவாரம் மாற்றுவாள். பெரியவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று உடம்பே சொன்னது.

"அம்மா, தூசி இல்லம்மா. என் மாத்திரைய நான்தான் அவளுக்குக் குடுத்தேன். அதுலதான் போயிட்டா."

விரிப்பை நீவிய கை நின்றது. அறையில் புதுத் துணியின் சோப்பு வாசனை மட்டும்.

ஒரு துடிப்பு.

பிறகு இடைவெளி. நீளமான இடைவெளி. அதற்குள் அந்த விசில், அந்தக் கரகரப்பு, முன்பைவிடத் தெளிவாக.

அம்மாவின் தலை நிமிர்ந்தது.

"சின்னவளா?"

துடிப்பு. சத்தம் அறுந்தது.

அம்மா கட்டிலைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். மெல்ல வந்து எதிரே உட்கார்ந்து, அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மீண்டும் இழுப்பு. மீண்டும் ஒரு துடிப்பு, அம்மாவின் கைக்கு நேர் கீழே. மீண்டும் அறுந்தது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் கண்ணில் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. எனக்கு முடியல."

"பேசாதடி கண்ணு." குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். "உனக்கு அடிக்கிறப்பல்லாம் அவளுக்கு மூச்சு நின்னு போகுது. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் அடிக்காம இரு."

கை அழுந்தியது. கோபமாக இல்லை. ஆசையாக.

அவள் காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தாள்.

துடிப்பு வரவில்லை.

அம்மாவின் தோளுக்குப் பின்னால், காலிக் கட்டிலில், புதுப் போர்வை மெதுவாக மேலே எழும்பியது. எங்கும் தடைபடாத, நெஞ்சு நிறைந்த ஒரு மூச்சுக்கு.