நாலாம் மேசையில் காற்று அடிக்கவில்லை

அவளுடைய மேசையில் எவனோ ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

செலீனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்த நாலாம் நம்பர் மேசை அவளுடையது. அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோருக்கும் அது தெரியும். எங்கும் எழுதி ஒட்டவில்லைத்தான்... அதனால் என்ன?

"எக்ஸ்கியூஸ் மீ. திஸ் இஸ் மை பெஞ்ச்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல கறுப்புக் கண்கள். இப்போதே சிரித்துவிடுகிறேன் என்பது போன்ற கண்கள். ஆனால் ஆள் அசையவில்லை. துவக்கின் குழலைத் துடைத்தபடியே, கொஞ்சம் பொறு என்று ஒரு விரலைக் காட்டினான்.

விரலையா காட்டுகிறாய்?

"எருமை," என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். தமிழில்தான். ரொறொன்ரோவிலிருந்து முக்கால் மணி நேரம் வடக்கே, இந்த மேப்பிள் மரங்களுக்கு நடுவில், தமிழ் யாருக்கு விளங்கப் போகிறது?

"எருமை எழும்புறதுக்குக் கொஞ்ச நேரம் குடுங்கோ," என்றான் அவன். "துணி குழலுக்குள்ள மாட்டுப்பட்டுப் போச்சு."

செலீனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவன் சிரிக்காமல் எழுந்தான். சாமான்களை அள்ளிக்கொண்டு ஐந்தாம் மேசைக்குப் போனான். "கீதன். றிச்மண்ட் ஹில். போன கிழமைதான் சேர்ந்தனான்," என்றான், அவள் கேட்காமலேயே.

"செலீன்," என்றாள், வேண்டாவெறுப்பாக.

இரண்டு பேர் கையிலும் இருந்தவை பழைய காலத்து வகைத் துவக்குகள். தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே முதலில் வெடிமருந்து, அடுத்து எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டு, பிறகு நீளக் கோலால் அடிவரை இடிக்க வேண்டும். கடைசியாக, விசை தட்டியதும் மருந்துக்குப் பொறி கொடுக்கும் ஒரு சின்னச் செப்புக் கப். ஒவ்வொரு வெடிக்கும் இத்தனை வேலை. எத்தனை கிரெயின் மருந்து, எந்தத் தடிப்பில் துணி என்பது துவக்குக்குத் துவக்கு மாறும். சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செலீனுக்கு அந்த வேலை பிடிக்கும். மோர்னிங்சைட்டில் ஒரு பார்மஸியில் பார்மசிஸ்ட் அவள். அளந்து பழகிய கை. ரேஞ்சுக்கு வரும்போதே ஒவ்வொரு வெடிக்கும் வேண்டிய மருந்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி வரிசையாக வைத்திருப்பாள். ஒரு நீலக் கொப்பியும் இருந்தது. தேதி, மருந்து, துணி, விளைவு, கடைசியில் 'காரணம்' என்றொரு பத்தி. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மருந்தையும் துணியையும் ஒன்றாக மாற்றினால் எது செய்த வேலை என்று எப்படித் தெரியும்?

"கிழமை முழுக்க மருந்து, ஞாயிறும் மருந்து," என்பாள் அவளுடைய அம்மா கிளடிஸ். "மாப்பிள்ளை வீட்டார் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? பெட்டை சனிக்கிழமையே பூசை கண்டுட்டு ஞாயிறு சுடப் போறாள் எண்டோ?"

"ஓம் அம்மா. நல்லாச் சுடுறாள் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ."

உண்மையிலேயே நன்றாகத்தான் சுட்டாள். ஆகஸ்டில் விடை கிடைத்துவிட்டது. அறுபத்தைந்து கிரெயின். ஐம்பது யார் தூரத்தில் மூன்று குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின.

ஆனால் அந்தச் செப்டம்பர் ஞாயிறு, அதே அறுபத்தைந்துக்கு, மூன்றாவது குண்டு நாலு விரல் விலகிப் போனது. ஐந்தாம் மேசையில் யாரோ மெல்ல விசிலடித்துக்கொண்டு குழல் துடைப்பது கேட்டது. செலீன் கொப்பியைத் திறந்து 'காரணம்' பத்தியில் எழுதினாள்: காற்று.

மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்பே அவன் வந்திருந்தான். நாலாம் மேசையைத் துடைத்தும் வைத்திருந்தான்.

"உங்கட துணி கொஞ்சம் மெல்லிசு போல கிடக்கு," என்றான் அவள் சுட்ட இலக்குத் தாளைப் பார்த்து.

"நான் உங்களைக் கேட்டனானே?"

"இல்லை."

"பிறகென்ன?"

"சும்மா... கதைக்க வேற ஒண்டும் வரேல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அன்றும் ஒரு குண்டு விலகியது. காரணம்: ஈரப்பதம்.

அன்று மத்தியானம்தான் ரேஞ்ச் ஒஃபிசர் வேரோனிக்கா சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். கிளப்பின் பழந்துவக்கு அணியில் ஓர் இடம் காலியாம். இரண்டு கிழமையில் தேர்வு. ஐந்து வெடி, வெடிக்குப் பத்துப் புள்ளி வரை, அரை மணி நேரம், யார் அதிகப் புள்ளி எடுக்கிறாரோ அவருடைய பெயர் வாசலில் இருக்கும் மரப் பலகையில் ஏறும்.

அந்தப் பலகை! செலீன் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டு போகிற பலகை. இங்கே வருகிற ஒவ்வொரு புது ஆளும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். நீ யாருடன் வந்தாய்? புருஷனா? அப்பாவா? 'நான் என்னோடுதான் வந்தேன்' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. பலகையில் பெயர் ஏறினால் இனி அது சொல்லட்டும்.

முதல் ஆளாகப் பெயரை எழுதினாள். திரும்பினால், பேனைக்குக் கை நீட்டியபடி கீதன்.

"நீங்களுமோ?"

"ஓம். நான் விட்டுத் தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"உங்களை ஆர் விடச் சொன்னது?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காருக்கு நடந்தாள். நானூற்று நாலாம் நெடுஞ்சாலையில் பாதித் தூரம் வந்த பிறகுதான், தான் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு அவன் வரவில்லை.

செலீன் மூன்று தடவை வாசலைப் பார்த்தாள். மூன்று குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. அருமையான நாள்! ஆனால் தாளைக் கழற்றும்போது சந்தோஷமே வரவில்லை. ஐந்தாம் மேசை வெறுமையாகக் கிடந்தது. 'காரணம்' பத்தியில் எழுத ஒன்றும் தோன்றாமல் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தேர்வு நாளன்று மழை.

சுடும் கொட்டகையின் தகரக் கூரையில் சடசடவென்று கொட்டியது. பின்னால் கிளப்காரர் பத்துப் பேர் கோப்பிக் கோப்பைகளோடு நின்றார்கள். தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். நாலாம் மேசை, ஐந்தாம் மேசை. செலீன் ஐந்து குப்பிகளை வரிசையாக வைத்தாள். கீதன் வந்தான், தலையசைத்தான். அவன் முகத்தில் இன்று விளையாட்டு இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

நாலு வெடி முடிந்தது. செலீன் முப்பத்தாறு. கீதன் முப்பத்தேழு.

ஒரு புள்ளி! ஒரே ஒரு புள்ளி... அவள் குழலைத் துடைத்தாள். காற்று ஒரு தடவை திரும்பியது. சாரல் கொட்டகைக்குள் அடித்தது. பக்கத்தில் அவன் முகத்தைத் துடைக்க நிமிர்ந்தான். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். ஒரு மழைத்துளி அவன் இமையில் தொங்கிக்கொண்டு நின்றது. விழுமா... விழாதா... அவனும் அவளைப் பார்த்தான்.

இரண்டு விநாடிதான். மூன்றாக இருக்கலாம்.

அவள் சட்டென்று திரும்பினாள். துணி, குண்டு, கோல், கப். குறி பார்த்து விசையை அழுத்தினாள்.

'டிக்.'

அவ்வளவுதான். புகை இல்லை, சத்தம் இல்லை. துவக்கைத் தாளை நோக்கியே பிடித்தபடி, சட்டப்படி ஒரு நிமிடம் காத்திருந்தாள். அந்த நிமிடத்தில்தான் மேசையைப் பார்த்தாள். ஐந்தாவது குப்பி, நிறைந்த மருந்தோடு, அப்படியே நின்றது.

மருந்து போடாமல் குண்டை இடித்திருக்கிறாள்! கோல் வழக்கத்தைவிட இரண்டு விரல் ஆழம் போயிருக்கும். கோலில் கீறி வைத்த அடையாளத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் வருகிறவன் செய்கிற பிழை. அவளா? செலீனா? பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஐந்தாம் மேசையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது.

'டிக்.'

கொட்டகையே சிரித்தது. வேரோனிக்காகூட வாயைப் பொத்திக்கொண்டாள். செலீன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய நிமிடமும் முடிந்ததும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு நேரே அவனிடம் போய் நின்றாள்.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?"

"என்னத்தை?"

"நான் வெக்கப்பட்டுப் போவன் எண்டு நீங்களும் மருந்து போடாமல் விட்டிட்டீங்கள். எனக்கு ஒருத்தரும் பாவம் பாக்கத் தேவையில்லை, விளங்குதோ?"

அவன் முகம் கறுத்தது.

"பாவமோ? உங்களுக்கோ? நான் வெல்ல வந்தனான். விட்டுக்குடுக்க வரேல்லை. போன ஞாயிறு எங்க போனனான் தெரியுமோ? ரெண்டு மணித்தியாலம் கார் ஓடி வேற ரேஞ்சுக்கு. ஏனெண்டால் இஞ்ச நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்கு ஒரு குண்டும் ஒழுங்காப் போகுதில்லை! எழுபது சரியோ எழுபத்தைஞ்சு சரியோ எண்டு பாக்க நீங்கள் இல்லாத இடம் தேடவேண்டிக் கிடக்கு. இண்டைக்கு மருந்தையே மறந்தாச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது.

செலீன் ஓர் அடி பின்வாங்கினாள். ஆனால்... நம்பலாமா? கதைக்க யாருக்கும் வரும். பாவம் பார்த்தவன்கூட இப்படித்தானே சொல்லுவான்?

வேரோனிக்கா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். இன்னும் பதினொரு நிமிடம்.

மாட்டிய குண்டை எடுக்கக் கோலின் நுனியில் ஒரு திருகாணி பூட்டி, குண்டுக்குள் முறுக்கி, இழுக்க வேண்டும். ஒருவர் துவக்கைப் பிடிக்க வேண்டும், மற்றவர் இழுக்க வேண்டும். தனியாக முடியாது. செலீன் ஒரு கணம் வேறு யாரையாவது கூப்பிடப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பிடியுங்கோ."

முதலில் அவளுடையது. அவன் அணைத்துப் பிடிக்க, அவள் காலை ஊன்றி இழுத்தாள். 'ப்ளக்'கென்று குண்டு வந்தது. பிறகு அவனுடையது. அவன் இழுத்த வேகத்தில் அவள் ஓர் அடி முன்னால் வந்து அவன் தோளில் மோதினாள். ஈரச் சட்டை, புகை மணம்... இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள்.

ஐந்தாவது குப்பி. இந்தத் தடவை மருந்தைக் கொட்டினாள். கோலின் அடையாளத்தை இரண்டு தரம் பார்த்தாள். குறி பார்க்கக் குனிந்தபோது, அவன் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. இருக்கிறான்தான். இல்லையென்று நடித்து என்ன பயன்? காற்று அடித்தால் காற்றையும் கணக்கில் எடுத்துத்தானே சுடுகிறோம்? மூச்சைப் பாதி விட்டாள்.

'டும்!'

புகைக்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்து.

கீதன் சுட்டான். எட்டு.

நாற்பத்தாறுக்கு நாற்பத்தைந்து. வேரோனிக்கா அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கீதன் தொப்பியைக் கழற்றி மேசையில் ஓங்கி அடித்தான். "சே!" என்றான். தன் தாளை உற்றுப் பார்த்தான், அந்த எட்டை விரலால் குத்தினான், இன்னொரு தடவை "சே!" என்றான். முகம் உம்மென்று ஊதிப்போய் இருந்தது.

செலீன் அவனையே பார்த்தாள். இவன் நடிக்கவில்லை! தோற்றது இவனுக்கு உள்ளுக்குள் குத்துகிறது. விட்டுக் கொடுக்கிறவனுக்கு இப்படி எரியாது. அப்படியென்றால்... அவன் சொன்னது முழுவதும் உண்மை. அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. வென்ற சந்தோஷம் எது, மற்றது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

வாசலில் பலகையில் அவள் பெயரை வேரோனிக்கா எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு புது உறுப்பினர் கீதனைக் காட்டி, இவர்தான் உனக்குச் சுடப் பழக்கினவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றாள் செலீன், தலையை நிமிர்த்தி. "இவரைத்தான் நான் வென்றேன்."

"ஒரு புள்ளியால," என்று தமிழில் முணுமுணுத்தான் கீதன்.

மழை விடவில்லை. அவன் காருக்குப் போகும் வழியில் அவள் குடையோடு ஓடி வந்து மறித்தாள்.

"எழுபதோ, எழுபத்தைஞ்சோ?"

"எழுபது. நீங்கள் இல்லாத இடத்தில." அவன் முகம் பார்க்கவில்லை. "நான் சொன்னதை மறந்திடுங்கோ. கோவத்தில சொன்னது."

"பொய்யோ?"

"பொய் இல்லை..."

அவள் குடையை அவன் கையில் திணித்தாள். நீலக் கொப்பியைத் திறந்தாள். செப்டம்பர் பக்கத்தில் 'காற்று' என்றிருந்ததை வெட்டினாள். 'ஈரப்பதம்' என்றிருந்ததையும் வெட்டினாள். இன்றைய தேதிக்கு நேரே இருந்த வெற்றிடத்தோடு சேர்த்து, மூன்று இடத்திலும் ஒரே சொல்லை எழுதி அவனிடம் நீட்டினாள்.

கீதன்.

கீதன்.

கீதன்.

அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். ஒரு துளி பக்கத்தில் விழுந்து மை பரவியது. அவசரமாகக் கொப்பியை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டான்.

"ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்துவன்," என்றாள் செலீன். "மருந்து அதே. துணி அதே. துவக்கும் அதே. மாறினது நீங்கள் ஒராள்தான். கணக்குச் சரிதானே? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள், முதல் நாள் சிரிக்கப் போன கண்கள், இப்போது நிறைந்திருந்தன.

"எனக்கும்," என்றான். "எருமை எண்ட நேரத்திலேயிருந்து." பிறகு, தோற்றவனுக்கே உரிய கவலையோடு கேட்டான்: "அப்ப மட்ச்சுக்கு நீங்கள் பழகவேணுமே... வாற ஞாயிறு நான் தூர மேசைக்குப் போகவோ?"

செலீன் அவன் கையிலிருந்த குடையைத் தன் பக்கமும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். இனி ஒண்டையும் மாத்துறேல்லை."