வான்கண்ணுக்குப் பொட்டு

விடிந்ததும் தவமணி செய்யும் முதல் வேலை முகாமைக் கெடுப்பது.

தோளில் கிழிந்த பிளக்ஸ் பதாகைகளின் சுருளைப் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு இடையே நடப்பாள். வீட்டுச் சக்கரத்தின் ஓரம் ஏதாவது கொடி தலைநீட்டியிருந்தால் வேரோடு இழுப்பாள். யாராவது வாசலைப் பெருக்கியிருந்தால் காலால் மண்ணைக் கலைத்துவிடுவாள். கூரைகளின் மேலும் வீடுகளுக்கு நடுவிலும் பதாகைகளை விரித்து, பறக்காமல் கல் வைப்பாள். அந்தப் பதாகைகளுக்கு அடியில் யார் என்ன வளர்க்கிறார்கள் என்று குனிந்து பார்த்ததில்லை. மேலே இருப்பதற்குத் தெரியாத எதுவும் தனக்கும் தெரிய வேண்டாம் என்று இருந்தாள்.

வெயில் ஏறுவதற்குள் வான்கண் கடந்துபோகும். சத்தமில்லாத, பருந்தைவிடச் சிறிய இயந்திரம். அது பார்க்கும்போது உப்புக்கரை முகாம் ஒரு குப்பைமேடாகத் தெரிய வேண்டும். முகாமில் இதற்குப் பொட்டு வைப்பது என்று பெயர். குழந்தையின் கன்னத்தில் மை இடுவது போலத்தான். இங்கே கண்படக் கூடாதது குழந்தை அல்ல, இடம்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையைத் தீர்மானித்த காலம் தவமணியின் சிறுவயதோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு நிலவாடகை ஆணையம் வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் வாழ்தரம் என்று ஓர் எண். நிழல், நீர், பச்சை, காற்றின் மணம் எல்லாவற்றையும் வான்கண்ணும் தெருமுனையில் நிற்கும் முகர்கம்பமும் அளக்கும். எண் ஏறினால் வாடகை ஏறும். மோசமான இடத்துக்கு யாரும் அதிகம் கொடுக்க வேண்டாம் என்பதால் அப்போது இதை நியாயம் என்றார்கள். கொடுக்க முடியாதவர்கள் உருள்வீடுகளை இழுத்துக்கொண்டு மோசமான இடங்களைத் தேடிப் போனார்கள்.

போன இடத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள். சிக்கலே அதுதான். பாத்திரம் கழுவிய நீர் ஓடிய இடத்தில் கீரை முளைத்தது. வெயிலுக்குக் கட்டிய சேலை நிழலானது. மதுராந்தகத்தில் வறண்ட ஏரிக்கரை, பெரம்பலூரில் கைவிட்ட கல்குவாரி, விராலிமலையில் ஒரு பொட்டல் என்று எங்கே நின்றாலும் கொஞ்ச காலத்தில் அந்த இடம் மனிதர் வாழ்வதற்கு ஆகிவிட்டது. எண் ஏறியது, அவர்கள் கிளம்பினார்கள். தவமணியின் கணவர் வேலவன் குவாரி ஓரத்தில் நட்ட புங்கமரங்களின் கீழ் இப்போது நகரத்துக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. அடுத்த பெயர்வில் வழியிலேயே அவர் இறந்துபோனார். எந்த ஊரில் எரித்தோம் என்று மகள் கேட்டால் தவமணியால் சொல்ல முடியாது. ஒரு புறவழிச்சாலை, அதன் பக்கத்தில் ஒரு மின்மயானம், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அதன் பிறகுதான் பொட்டு வைக்கும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயல்குடிக்குத் தெற்கே, கைவிடப்பட்ட உப்பளங்களின் ஓரத்தில் இருந்த இந்த இடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். இதற்கு மேல் மோசமான மண் கிடைக்காது என்று நம்பினாள்.

இந்தக் கோடையில் அவளுக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. மகள் நறுமுகைக்கு மாதம் நெருங்கிவிட்டது. கால்கள் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மருமகன் ஓசூரில் வேலையில் இருந்தான், கடைசி வாரம் வருவதாகச் சொல்லியிருந்தான். வாரந்தோறும் சுகாதார வண்டியில் வரும் நர்ஸ் தவமணியைத் தனியே அழைத்து, பிரசவம் ஆகும்வரை இந்தப் பெண்ணை எங்கும் நகர்த்தக் கூடாது, வீட்டை இழுத்துக்கொண்டு இந்தச் சாலையில் போனால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தவமணி ஓயவே இல்லை. எண் ஒரு புள்ளிகூட ஏறிவிடக் கூடாது. உப்புப் பாத்தியில் தேங்கிய நீரை மொண்டு வந்து பச்சை தெரிந்த இடங்களிலெல்லாம் ஊற்றினாள். முகர்கம்பத்தின் அடியில் பழைய டயர்களைக் கொளுத்தினாள். சன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்த மகள் மூச்சுவிட முடியவில்லை என்றபோது, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றாள்.

திங்கட்கிழமை ஆணையத்தின் அளவர் இன்பராஜ் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசுபவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அவர் நேரில் வந்தால் எண் ஏறிவிட்டது என்று பொருள். எல்லோரும் தவமணி வீட்டின் முன் கூடினார்கள். எந்தக் கொடியைப் பார்க்காமல் விட்டோம் என்று அவள் மனத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏறலம்மா," என்றார் இன்பராஜ். "இறங்கிருச்சு. அடிக்கோட்டுக்கும் கீழ போயிருச்சு."

அடிக்கோடு என்று ஒன்று இருப்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. எந்த இடமும் அதைத் தொட்டதில்லை போலும். அவர் நிதானமாக விளக்கினார். அதற்குக் கீழே போனால் அது வாழ்தகா நிலம். தண்ணீர் லாரி வராது, சுகாதார வண்டி வராது. இந்த வாரத்துக்குள் எல்லா வீடுகளையும் ஆணையமே இழுத்துப்போய்த் திண்டுக்கல் பக்கம் ஒரு மைதானத்தில் நிறுத்தும். வெள்ளிக்கிழமை ஒரு மறு அளவீடு உண்டு. அதற்குள் எண் கோட்டுக்கு மேலே வந்துவிட்டால் சரி.

இழுவை வண்டி ஓட்டும் துரைப்பாண்டிதான் முதலில் வாய் திறந்தான்.

"பொட்டு வைக்கச் சொன்னா மூஞ்சி பூரா மை அப்பிட்டீங்களே, மதினி."

யாரும் சிரிக்கவில்லை. தவமணி மட்டும் வறண்ட குரலில் லேசாகச் சிரித்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். நறுமுகை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் தவமணியால் தாங்க முடியவில்லை.

அளவர் போன பிறகு பேச்சு எழுந்தது. பக்கத்து வீட்டுப் பரிமளம் சொன்னதுதான் எல்லோருடைய எண்ணமும். டயரை அணைத்து, நாலு பதாகையை எடுத்து, கோட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்தினால் போதும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தவமணிக்கு அது கைவந்த வேலை.

அவள் உப்பளத்தின் கரைக்கு நடந்தாள். அங்கே வெகுநேரம் நின்றாள். வெள்ளை நிலத்தில் கண் கூசியது. எப்போதுமே இந்த நூலிழையின் மேல்தான் நடந்திருக்கிறோம் என்று நினைத்தாள். நன்றாக வாழ்ந்தால் துரத்துவார்கள், வாழவே முடியாமல் போனாலும் துரத்துவார்கள். இடையில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் ஒடுங்கி நிற்க மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் தன் வேலை என்று நினைத்திருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் முதலில் இதைத்தான் பழக்க வேண்டும், கொடியைப் பார்த்தால் பிடுங்கு என்று. மனம் அதற்கு மேல் போக மறுத்தது.

திரும்பி வந்தபோது துரைப்பாண்டி வண்டிக்கடியில் படுத்திருந்தான்.

"ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்துட்டு வா."

"எந்த வண்டிக்கு மதினி?"

"என் வீட்டுக்கு. சக்கரத்தக் கழட்டணும்."

அவன் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். "கழட்டிட்டா நமக்குப் போக்கிடம் கிடையாது."

"இப்ப மட்டும் எங்க இருக்கு?"

அவன் போய் ஜாக்கியை எடுத்தான். பரிமளம்தான் ஓடிவந்தாள். சுத்தம் செய்தால் எண் எங்கேயோ போய்விடும், அந்த வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டாள்.

"இப்ப குடுக்கறதத்தான் குடுப்போம்," என்றாள் தவமணி. "நாம கட்டுன நிழலுக்கு நாமளே எதுக்கு வாடகை கூட்டிக் குடுக்கணும்? அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. போகவும் மாட்டோம்."

இரண்டு குடும்பங்கள் அன்று மாலையே தங்கள் வீடுகளை இழுத்துக்கொண்டு போய்விட்டன. யாரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் கடைசி வண்டி சாலை ஏறும்வரை பார்த்துவிட்டு ஸ்பேனருக்காக வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் பதாகைகளை எடுத்தார்கள். அடியில் இருந்ததைப் பார்த்து எல்லோரும் திகைத்துப்போனார்கள். ஒரு வீட்டின் மறைவில் அரைக்கீரைப் பாத்தி. இன்னொன்றில் கொத்தவரை. பின்புறத்தில் பெரிய கறுப்புத் தார்ப்பாயை இழுத்தபோது, போன மழையின் நீர் ஒரு குட்டையாக வெயிலில் மின்னியது. யார் வெட்டியது என்று கேட்டால் நாலு பேர் கையைத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து வெட்டியிருந்தார்கள். தவமணி உப்புநீர் ஊற்றிய இடங்கள் மட்டும் வெளுத்துக் கிடந்தன. அந்த மண்ணை அவளே வெட்டி அள்ளினாள். வேலைக்கு நடுவில் ஒரு தளிரைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போய் அதைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமைக்குள் பெருக்கியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு சேலைப் பந்தல் கட்டினார்கள். கழற்றிய சக்கரங்களின் டயர்களில் மண் நிரப்பி முருங்கைக் குச்சி நட்டார்கள். குட்டைக்கு எங்கிருந்தோ கொக்குகள் வந்தன. வான்கண் கடந்தபோது முதல்முறையாக யாரும் உள்ளே போய் ஒளியவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நறுமுகைக்கு வலி கண்டது. வான்கண்ணின் கணக்கில் எண் கோட்டுக்கு மேலே வந்துவிட்டதால் சுகாதார வண்டி வந்தே ஆக வேண்டியிருந்தது. நர்ஸ் உள்ளே போனாள். நேரம் இருக்கிறது, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

சற்று நேரத்தில் இன்பராஜும் வந்தார். கைக்கணினியை இரண்டு முறை பார்த்தார்.

"இந்தக் கரையிலயே இதான் அதிகம்," என்றார். குரலில் சந்தோஷம் போல ஒன்று வந்து மறைந்தது. பிறகு புதிய வாடகையைச் சொன்னார். கட்ட முடியாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றார். அப்போதுதான் வீடுகள் கருங்கல் மேல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார்.

"சக்கரம் எங்கம்மா?"

"செடி வச்சிருக்கோம் சார். பழைய வாடகைய எப்பவும் போல கட்டிருவோம். கூட கேக்காதீங்க."

"நாளைக்கு கிரேன் அனுப்புவாங்க. நான் சொன்னாலும் நிக்காது."

"வரட்டும். எம்பொண்ணு உள்ள வலியில கெடக்கா. தூக்குறவன் எங்கள உள்ள வச்சுத்தான் தூக்கணும். அதையும் உங்க கண்ணு மேலருந்து பாக்கட்டும்."

துரைப்பாண்டி இழுவை வண்டியைக் கொண்டுபோய்ச் சாலையின் குறுக்கே நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்டு திரும்பி வந்தான். மற்ற வீடுகளில் இருந்தவர்களும் வெளியே வந்து வாசல்களில் உட்கார்ந்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. இன்பராஜ் தன் வண்டியை அந்த இழுவையின் ஓரமாகச் சிரமப்பட்டு வளைத்து ஓட்டிப் போனார்.

தவமணி உள்ளே வந்தாள். உருள்வீட்டில் எதுவும் சும்மா இருக்காது. அரிசிப் பானை, குடம், அடுக்கு, சாமி படம் எல்லாம் ஓட்டத்தில் விழாதபடி சுவரோடு வார்போட்டு இறுக்கியிருக்கும். எடுத்துச் சமைத்த பாத்திரத்தைக் கழுவியதும் திரும்பவும் கட்டிவிட வேண்டும். நறுமுகை பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறாள். தவமணி கத்தியை எடுத்து முதல் வாரை அறுத்தாள். குடத்தை இறக்கித் தரையில் வைத்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றாள் நறுமுகை, இரண்டு வலிகளுக்கு நடுவில்.

"இதுக்கெல்லாம் இனிமே கட்டு எதுக்கு?"

நறுமுகை தரையில் நிற்கும் குடத்தைப் பார்த்தாள். அடுத்த வலி வந்து, அவளை வளைத்து, மெல்ல விட்டுப் போனது. வியர்த்த முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பினாள்.

"அந்த அடுக்கையும் அறுத்துவிடும்மா," என்றாள்.