திருப்பித் தராத குடை

தேம்ஸ் கரையில் உள்ள சதர்க் பேராலயத்தின் ஹார்வர்ட் சிற்றாலய வாசலில் எதிலோ தடுக்கி, விழாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள் ஜதுர்ஷிகா. குனிந்து பார்த்தால்... நனைந்த ஒரு சோடி சப்பாத்து. ஹரோ பகுதிப் பள்ளியில் சரித்திர ஆசிரியையான அவள், சனிக்கிழமைகளில் இங்கே வருவோருக்கு வழிகாட்டி. இப்படி ஒன்றை இந்த வாசலில் அவள் கண்டதேயில்லை.

உள்ளே ஈரக் காலுறையோடு கைகூப்பி நின்றவன் திரும்பினான். நெற்றியில் ஒட்டிய முடி... அதன் கீழே, இப்போதுதான் விழித்த குழந்தையைப் போல இரண்டு கண்கள்.

"இது உங்கட சப்பாத்தோ?"

"ஆமாங்க. கோயில்னா கழட்டணும்ல? ஹார்வர்டுல இடம் கேட்டு எழுதியிருக்கேன். அதை ஆரம்பிச்சவர் இங்கதான் ஞானஸ்நானம் வாங்கினாராம். ஒரு கும்பிடு போட்டுட்டு வாடா அழகப்பான்னு அம்மா காரைக்குடியிலேர்ந்து போன் போட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"அவர் ஆரம்பிக்கேல்லை. இந்த ஊர் இறைச்சிக்கடைக்காரற்ற மகன் அவர். அவர் கப்பல் ஏற முதலே, 1636 இல, அங்க கல்லூரி தொடங்கியாச்சு. இவர் போன அடுத்த வருசமே செத்துப்போனார். சாகேக்க சொத்தில பாதியும் நானூறு புத்தகமும் குடுத்தார்... அதால அவற்ற பேரை வைச்சினம்."

"அப்ப நான் தப்பான ஆளைக் கும்பிட்டுட்டேனா?"

"புத்தகம் குடுத்தவரைக் கும்பிட்டால் தப்பில்லை. பாவம், அதுகளும் பிறகு நெருப்பில எரிஞ்சு போச்சு. ஒண்டே ஒண்டுதான் மிச்சம். ஆரோ இரவல் கொண்டுபோயிருந்தபடியால்..."

"இருந்தாலும் உலகத்துலயே பெரிய பேருங்க அது."

"பேருக்கு மயங்கிற ஆக்களை எனக்குப் பிடிக்காது," என்றாள் வெடுக்கென்று.

அவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது...

வெளியே மழை விடவில்லை. கம்பி ஒன்று வளைந்த தன் மஞ்சள் குடையை நீட்டினாள். "அடுத்த சனி கொண்டு வாங்கோ."

அடுத்த சனி வந்தான். குடை வரவில்லை. அதற்கடுத்த சனியும் அப்படியே. "காயவே மாட்டேங்குதுங்க" என்பான். "வளைஞ்ச கம்பியை நிமித்தக் குடுத்திருக்கேன்" என்பான். சந்தைக் காப்பியோடு தேம்ஸ் கரையில் இருவரும் நடப்பார்கள். குடையைக் கேட்பதை அவளும் விட்டுவிட்டாள். இன்று மனதைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றுதான் சிற்றாலயத்துக்குள் அவன் ஓடி வந்தான். "கிடைச்சிடுச்சு, ஜது. ஹார்வர்டு."

அவன் முகம் மலர மலர, ஒத்திகை பார்த்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். இப்போது எப்படிச் சொல்வது... அந்தப் பேருக்குத்தான் இவளும் மயங்கினாள் என்று நினைக்கமாட்டானா? தன் வெடுக்குப் பேச்சே தன்னை மறித்து நின்றது.

"சந்தோசம்," என்றாள். "அப்ப என்ர குடையைத் தாங்கோ. போகப்போறீங்கள்தானே."

அவன் சிரிப்பு அணைந்தது.

"தர மாட்டேன்."

"ஏன்?"

"அலமாரியில இருந்த புத்தகமெல்லாம் எரிஞ்சிடுச்சு, இரவல் போனதுதான் தப்பிச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "குடை என்கிட்டயே இருக்கட்டும். அது இருந்தா, நான் திரும்பி வரணும்னு உங்களுக்கும் தோணும்ல? உங்களை விட்டுட்டு ஒரு இடத்துக்கு, எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும்... முழு மனசோட போக முடியலை, ஜது."

அவளுக்குள் இறுகிக் கிடந்த வீம்பு சத்தமில்லாமல் கரைந்தது.

"எனக்கு உங்களை எப்ப பிடிச்சது தெரியுமோ?" என்றாள் மெல்ல. "அந்தப் பேர் கிடைக்க முதல். ஈரக் காலோட இதில நிண்டீங்களே... அப்பவே."

குனிந்து, வாசலில் இன்றும் கழற்றி வைத்திருந்த அவன் சப்பாத்துகளை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள் அவள்.

"போடுங்கோ. தடிமன் பிடிச்சுத் தும்மப்போறீங்கள்."