மூடியின் உட்புறம்

சிசுரு கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினாள். சுற்றும் சத்தம் நிற்கவில்லை.

பனியில் கம்பிகள் அறுந்து மதியமே மின்சாரம் போயிருந்தது. அவசரப் பையிலிருந்த, கையால் சுற்றி இயக்கும் ரேடியோவை மடியில் வைத்துச் சுற்றச் சுற்ற, அதன் முகப்பு விளக்கு தாழ்ந்த மேசையையும், கணவன் தெத்சுயாவுக்கு வைத்த சோற்றையும், மூடியிட்ட சூப் கிண்ணத்தையும் மஞ்சளாகக் காட்டிக்கொண்டிருந்தது. வானிலை அறிக்கையின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ கடற்பாசி வாடை.

தீயணைப்புத் தொண்டனான அவன், சில மாதங்களுக்கு முன் சுனாமி எச்சரிக்கை ஒலித்ததும் அலையைத் தடுக்கும் கடல் மதகை மூடப் போனான். இதே போன்ற ரேடியோ ஒன்று அவன் தோள்பையிலும் இருந்தது. "சுத்திக்கிட்டே இரு. வெளிச்சத்தைப் பாத்து வந்துடுவேன்," என்று சொல்லிப் போனவன்தான்.

உடல் கிடைக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, தூரத்தில் இருப்பவருக்கும் வீட்டில் சோறும் சூப்பும் வைப்பார்கள்; மூடியின் உட்புறம் நீர் கோத்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது நம்பிக்கை. சிசுரு தினமும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். தினமும் நீர் கோத்தது.

மாலையில் வந்த நாத்தனார் சுமியே கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போன சூப்பா? எங்கண்ணன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான், அண்ணி."

"அடுப்புக்குக் கரண்ட் இல்லையே. என்ன பண்ண?"

"கொதிக்கிற சூப்புக்கு யார் மூடி போட்டாலும் வேர்க்கும். உங்களுக்கே தெரியும்." சுமியேவின் குரல் இறங்கியது. "இன்னைக்கு வேர்க்காது. பாத்துட்டு அவனைப் போக விடுங்க. நாளைக்கு அவன் படத்தை முன்னோர் மாடத்துல வெச்சிடலாம்."

சரி என்றுதான் சிசுரு தலையாட்டியிருந்தாள்.

இப்போது அந்தச் சத்தம் வாசலில், செருப்பு கழற்றும் இடத்தில். பல்சக்கரத்தில் மணல் அரைபட்டது. பாய் மேல் ஈரம் இழுபட்டது. நெருங்கியது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

அவள் விளக்கு மங்கிக்கொண்டிருந்தது.

மூடியை எடுத்தாள். குளிர்ந்த மூடி. உட்புறம் முழுக்க நீர்.

விரலால் தொட்டு நாவில் வைத்தாள்.

உப்பு.

விளக்கு அணைந்தது.

"சூப் ஆறிப்போச்சுங்க," என்றாள். அழுகை வந்தது.

எதிரே இன்னொரு விளக்கு மெல்ல ஒளிர்ந்தது. கைப்பிடியைப் பிடித்த, வெளுத்து ஊறிய கை. எலும்பில் தளர்ந்து ஆடும் மோதிரம். மணிக்கட்டுக்கு மேல் இருட்டு.

கை சுற்றிக்கொண்டே இருந்தது.